ஒட்டாத புரதம்

செல்லின் மேற்பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஏற்பி எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. தான் கண்டுபிடித்த புரதம்தான் அது என்று பேராசிரியர் தணிகைவேல் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார். அதை நிரூபிக்கும் வேலை அவருடைய ஆய்வு மாணவி வஹிதாவின் தலையில் விழுந்தது.

புரதம் ஏற்பியில் ஒட்டினால் செல்கள் பச்சையாக ஒளிர வேண்டும். செல்கள் வளர்த்த தட்டுகளில் ஒன்றே ஒன்று ஒளிர்ந்தது. அதில் பூஞ்சை பிடித்திருந்தது. சுத்தமான செல்களில் எத்தனை தடவை செய்து பார்த்தும் இருட்டுதான்.

"ஒளிர்ந்த படத்தை மட்டும் போடும்மா," என்றார் அவர், கருத்தரங்கத்தன்று காலையில். "மத்ததெல்லாம் உன் கைப்பிழை. நான் கையெழுத்துப் போட்டாத்தான் உனக்குப் பட்டம், மறந்துடாத."

"மறக்கல சார்."

மேடையில் வஹிதா மைக்கைக் கையில் எடுத்தாள். முதலில் பச்சைப் படத்தைக் காட்டினாள். முன்வரிசையில் அவர் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

"இதுல ஒளிர்றது பூஞ்சை," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். திரை கறுத்தது. அடுத்ததும் கறுப்பு. அரங்கில் சலசலப்பு எழுந்தது.

"போதும், இறங்கு," என்று அவர் எழுந்து நின்றார்.

"இன்னும் இருக்கு சார்."

அவர் கையைக் காட்டியதும் அமைப்பாளர் ஒருவர் மேடையேறி அவளிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போனார். வஹிதா அடுத்த படத்தைப் போட்டாள். மேடையின் விளிம்புவரை வந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தி, "இதுவும் ஒட்டலை," என்றாள்.