ஒரு சீட்டு, இரண்டு பையன்கள்

பதிவு அறையில் அப்போது இருந்தவர்கள் ஆறு பேர். கதவுக்கு நேரெதிரே, பெரிய மேஜைக்குப் பின்னால், பதிவு அலுவலர். அவருக்கு வலப்பக்கம், பாடப்பிரிவு ஒதுக்கும் பேராசிரியை. மேஜைக்கு முன்னால் இருந்த ஒற்றை நாற்காலியில் டைல்ஸ் கடைக்காரர். சுவரோர பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு, இரண்டு பையன்கள். கதவருகே ஸ்டூலில் காவலாளி.

பெஞ்சில் இருந்த இருவரும் சொன்னது ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா. கல்லூரியில் இருந்ததோ ஒரே சீட்டு.

காலையில் அரை மணி நேர இடைவெளியில் இருவரும் முதலாம் ஆண்டுப் பாடங்களுக்குப் பதிவு செய்ய வந்து நின்றபோது, அலுவலருக்கு உள்ளூரக் குஷிதான். இருபத்திரண்டு வருட சர்வீஸில் புது மாணவர்களின் தில்லுமுல்லுகளைக் கரைத்துக் குடித்தவர் அவர். விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, அப்பாவைக் கடையிலிருந்து வரவழைத்துவிட்டார்.

டைல்ஸ் கடைக்காரர் உள்ளே நுழைந்ததும் இருவருமே "அப்பா" என்று எழுந்தார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பதறாதீங்க. உங்க பிள்ளை சீட்டை எவனும் தூக்கிட்டுப் போகாம நான் பாத்துக்கறேன்," என்றார் அலுவலர்.

அவரைப் பொறுத்தவரை பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. ஒருவன் மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. மனசுக்குள் அவனுக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்தார். மற்றவன் படுக்கையிலிருந்து அப்படியே உருண்டு வந்த மாதிரி இருந்தான். அவன் 'கசங்கல்'.

"முதல் செமஸ்டருக்கு என்னென்ன பாடம் எடுக்கப்போற?" என்று கசங்கலைக் கேட்டார்.

"எது ஈஸியோ அது சார்."

"நீ?"

இஸ்திரி எழுந்து நின்றான். "கட்டாயப் பாடம் நாலு சார். விருப்பப் பாடத்துல புள்ளியியல் கேக்கலாம்னு இருக்கேன். ஆனா செவ்வாய்க்கிழமை அதுவும் லேபும் ஒரே நேரத்துல வருது. வியாழக்கிழமை வகுப்புக்கு மாத்திக் குடுத்தா இடிக்காது."

பேராசிரியை கால அட்டவணையைப் புரட்டினார். "ஆமா சார், இடிக்குது. போட்டது நாமதான், நமக்கே தெரியலை."

அலுவலர் அதைக் காதில் வாங்காதவர்போல் கசங்கலிடம் திரும்பினார். "நுழைவுத் தேர்வுல கடைசிக் கேள்விக்கு என்ன எழுதின?"

கசங்கல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். அது ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அந்தக் கணக்குல ஒரு எண் விட்டுப்போயிருந்தது சார்," என்றான் இஸ்திரி. "அதைக் குறிச்சு வெச்சுட்டுத்தான் போட்டேன்."

தேர்வு அன்று எடுத்த படம் கோப்பில் இருந்தது. அதில் இஸ்திரியின் முகம். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிய ஹால் டிக்கெட்டிலும் அதே முகம்.

"அது முடி வெட்டறதுக்கு முந்தி எடுத்தது சார்," என்றான் கசங்கல்.

"முடி வெட்டினா காதுமா மாறும், தம்பி?" என்றார் பேராசிரியை. காவலாளி சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

ஒன்றே ஒன்றுதான் உதைத்தது. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் எல்லாமே அசலாகக் கசங்கலிடம் இருந்தன.

"என் பை பஸ்ல தொலைஞ்சுபோச்சு சார். எல்லாம் அதுலதான் இருந்துச்சு," என்றான் இஸ்திரி, தலையைக் குனிந்தபடி.

"எங்க போச்சுன்னுதான் தெரியுதே." அலுவலர் கசங்கலை மேலும் கீழும் பார்த்தார். "திருடினதுதான் திருடினே, நாலு பாடத்தோட பேரையாவது உருப்போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? ஏமாத்த வர்றதுக்கும் ஒரு லட்சணம் வேண்டாம்?"

டைல்ஸ் கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சார், இதைப் பெரிசாக்க வேண்டாமே. இன்னைக்கு ரெண்டு பேரையும் அனுப்பிட்டு..."

"உங்களுக்கு இளகின மனசு. எனக்கு அதெல்லாம் கிடையாது. போன வருஷம் ஒரு பெரிய மனுஷன், தன் பிள்ளைக்கு மண்டையில ஒண்ணும் இல்லைன்னு வேற பையனை நுழைவுத் தேர்வு எழுத வெச்சான். அப்பன், பிள்ளை, எழுதினவன் மூணு பேரும் இன்னும் உள்ளதான் இருக்காங்க. ஏமாத்தறவன் எவனா இருந்தாலும் என் கையில மாட்டினா அதோட சரி." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சொல்லுங்க. இதுல உங்க பிள்ளை யாரு?"

கடைக்காரர் எழுந்தார். கோப்பில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்தார். பெஞ்சுக்குப் போய், இஸ்திரியின் தோளில் கைவைத்தார்.

"இவன்தான் சார்."

கசங்கலின் வாய் திறந்தது. அவர் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டது.

"பெத்தவர் முன்னாடி வேஷம் செல்லுமா?" என்றார் அலுவலர், பேராசிரியையைப் பார்த்து, தானே பெற்ற மாதிரிப் பெருமையோடு.

கட்டாயப் பாடம் நான்கு, புள்ளியியல், வியாழக்கிழமை வகுப்பு எல்லாம் ஐந்தே நிமிடத்தில் பதிவாயின. நான்கு வருடப் படிப்புச் செலவுக்கும் தானே பொறுப்பு என்ற படிவத்தில், 'தந்தை' என்று போட்டிருந்த இடத்தில் கடைக்காரர் கையெழுத்திட்டார்.

பிறகு அலுவலர் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். 'இத்துடன் வரும் நபர், மேற்படி மாணவரின் சான்றிதழ்களைத் திருடி, தானே அவர் என்று நடித்து...' நான்கு பத்தி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. அதை மூன்றாக மடித்து, உறையில் போட்டு, பசை தடவி ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரையும் குத்தி நீட்டினார்.

உறையை ஒரு கையிலும், டைல்ஸ் கடைக்காரர் பெற்ற ஒரே மகனை மறு கையிலும் பிடித்துக்கொண்டு காவலாளி படியிறங்கினார்.