தெற்கத்தி வழக்கு

"கள்ள ஆட்டம் ஆடுறது உங்க வீட்டுக்காரரா, இல்ல நீங்களாம்மா?" செருப்பைக் கழற்றும்போதே வாசகர் மன்றச் செயலாளர் ஆரம்பித்துவிட்டார்.

நாவலாசிரியரின் மனைவி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "அவர் மாடியில எழுதிட்டிருக்கார். சத்தம் போடாதீங்க."

மன்றத்தில் செயலாளருக்குப் பட்டப்பெயர் 'சிவப்பு மை'. தன் ராஜா கதையின் ஆறு பாகங்களுக்காக நாவலாசிரியர் ஜெர்மன் சாயலில் ஒரு மொழியையே உருவாக்கியிருந்தார். அதில் உருவாக்கியவரைவிடத் தனக்குத்தான் புலமை அதிகம் என்பது சிவப்பு மையின் எண்ணம்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவர் கண்ணில் முதலில் பட்டவை எங்கும் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகள். குளியலறைக் கதவு, சட்டை அலமாரி, மூக்குக் கண்ணாடி வைக்கும் இழுப்பறை, எல்லாவற்றிலும் மேலே அந்த மொழியின் சொல், கீழே பெரிய எழுத்தில் அதன் அர்த்தம். "அகராதி வேலைக்காக நான்தான் ஒட்டினேன்," என்றாள் அவள், கேட்காமலே.

"அகராதி இருக்கட்டும், இலக்கணத்துக்கு வாங்க. முதல் மூணு பாகத்துல நாலு வேற்றுமை, நாலு உருபு, ஒரு இடத்துலகூடப் பிசகு கிடையாது. நாலாம் பாகத்துல திடீர்னு 'மகனுக்கு வாள் கொடு' போய் 'மகன் வாள் கொடு'ன்னு ஆயிடுச்சு. என்னடான்னு பார்த்தா அடிக்குறிப்புல 'தெற்கத்தி வழக்கு'!"

"ராஜாவோட நாட்டுல தெற்குப் பக்கம் அப்படித்தான் பேசுவாங்க."

"மூணு பாகம் வரைக்கும் தெற்குல ஒரு ஈ காக்கா கிடையாதே! இப்ப ஆறாம் பாகத்துல, வடக்கே பிறந்த ராஜாவே தெற்கத்திக்காரன் ஆயிட்டான்."

அவள் முகம் வெளுத்தது. செயலாளருக்கு அது போதும். அச்சகத்திலிருந்து வாங்கி வந்த கையெழுத்துப் பிரதியை மேசையில் விரித்தார். கதை ஒரு கையெழுத்து, அடிக்குறிப்பெல்லாம் வேறு கையெழுத்து.

"இது உங்க எழுத்துதானே? புருஷன் பேர்ல நீங்க கைவரிசை காட்டுறீங்க. வெள்ளிக்கிழமை பத்திரிகையில உங்க வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்துறேன் பாருங்க."

"என்ன வேணாலும் எழுதிக்கோங்க. முதல்ல வெளிய போங்க!" அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது.

"தெற்கத்தி ஜனங்க அவசரக்காரங்க சார். உருபை மென்னு முழுங்கிடுவாங்க." நாவலாசிரியர் மாடிப்படி இறங்கி வந்தார். "குறிப்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல இவ எழுதினது. வாங்க, கேட் வரைக்கும் வர்றேன்."

மனைவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிரதியை அள்ளிக்கொண்டு வந்த செயலாளர் கேட்டருகிலும் விடவில்லை. "பொண்டாட்டிய விட்டுக்கொடுக்க மாட்டீங்க, தெரியும். ஆனா நான் எழுதத்தான் போறேன்."

நாவலாசிரியர் திரும்பி வீட்டைப் பார்த்தார். ஜன்னலில் நின்ற மனைவிக்குச் சிரித்தபடி கை காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெற்குன்னு ஒண்ணு நான் எழுதவே இல்ல சார். எனக்கு மறந்துபோற இடத்துல எல்லாம் அவ ஒரு குறிப்பு போட்டு மூடி வச்சிட்டு, நான் சொன்னதுதான்னு என்கிட்டயும் சொல்லிடுறா."

செயலாளர் கையிலிருந்த பிரதியை நாவலாசிரியர் மெல்ல மடித்து, அவரிடமே கொடுத்தார்.

"எழுதிடாதீங்க. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."