மூடி வைத்தாலும் வளரும் ஊர்

“அழிச்சு விடு பிள்ளை! உந்தச் சனியனை அடியோடை அழிச்சு விடு!”

கம்பியூட்டர் திருத்த வந்த கஜானி ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பத்மாசினி வாசலுக்கே வந்துவிட்டார்.

“பொறு பிள்ளை, அவவின்ரை கதையைக் கேளாதை!” பின்னாலேயே ஓடிவந்தார் கணவர் கனகசபாபதி. இடுப்பில் கட்டிய சாரத்தில் இன்னும் தோட்டத்துச் செம்மண். “கம்பியூட்டர் போனாலும் பரவாயில்லை. என்ரை ஊர் போகக்கூடாது.”

ஊர் என்றால் அவர் குடியிருக்கும் புத்தூர் இல்லை. பழைய விண்டோஸ் கம்பியூட்டரில் நான்கு வருடமாக அவர் கட்டிவரும் விளையாட்டு ஊர். வீடு கட்டலாம், கோபுரம் எழுப்பலாம், சனத்தைக் குடியேற்றலாம். இப்போது அந்தக் கம்பியூட்டர் திறக்கவே அரை மணித்தியாலம். விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய கம்பியூட்டரிலும் வேகமாய் ஓடும் லினக்ஸ் போடுவோம் என்று கஜானி போனில் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“முதல்லை விளையாட்டை முழுசாய்ப் பென்ட்ரைவிலை எடுக்கிறன் அங்கிள். லினக்ஸ் போட்டாப்பிறகு திருப்பி வைப்பம். விண்டோஸ் விளையாட்டை அதிலை ஓடவைக்க ஒரு மென்பொருள் இருக்கு.”

“சனம் ஒண்டும் தவறாதே? ஆறாயிரத்து நானூறு பேர்!”

“வீட்டிலை இருக்கிற ஒரு சனத்தைத் திரும்பிப் பாக்க நேரமில்லை,” என்று குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்த பத்மாசினியிடமிருந்து பதில் வந்தது.

கஜானிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். ஒரு விளையாட்டுக்கு இந்த அன்ரி இவ்வளவு கத்த வேண்டுமா?

பிரதி எடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு நாளும் ஊர் இரண்டு முறை சேமிக்கப்பட்டிருந்தது. மாலை ஏழரைக்கு ஒருமுறை, காலை ஐந்தே முக்காலுக்கு ஒருமுறை.

“விடியவும் விளையாடுறனீங்களோ அங்கிள்?”

“விடியவோ? அந்த நேரம் நான் வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சுக்கொண்டு நிப்பன்.”

பழைய கம்பியூட்டர், உள்ளே மணிக்கூட்டுப் பற்றறி செத்து நேரம் பிழையாய்ப் பதிந்திருக்கும் என்று கஜானி விட்டுவிட்டாள்.

லினக்ஸ் ஏறியது. விளையாட்டைத் திறந்தாள். திரை கறுப்பாகவே நின்றது. கனகசபாபதி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். எதையோ மாற்றிவிட்டு இரண்டாம் தரம் திறந்தாள். முதலில் ஒரு கோபுரம் வந்தது. பிறகு வீடுகள், ஆட்கள், ஒரு மாடு.

“வந்திட்டுது! என்ரை சனம் வந்திட்டுது!” அறுபத்தெட்டு வயது மனிதர் துள்ளிய துள்ளலில் சாரம் அவிழப் பார்த்தது.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு கேள்வி பிள்ளை. மூடி வைச்சால் லினக்ஸிலையும் ஊர் வளருமோ?”

“என்ன அங்கிள்?”

“நான் கோபுரத்திலை கவனமாய் இருந்து கிணத்தை மறந்திடுவன். பொழுதுபட மூடேக்கை தண்ணியில்லையெண்டு சனம் மூட்டை கட்டிக்கொண்டு நிக்கும். அடுத்த நாள் தோட்டத்தாலை வந்து திறந்தால் எல்லாரும் திரும்பி வந்திருப்பினம். பயிரும் நாங்கள் பாத்துக்கொண்டிருக்கேக்கையோ வளருது?”

மூடி வைத்த விளையாட்டில் ஒரு புல்லும் முளைக்காது. கஜானிக்கு வாய் துறுதுறுத்தது. “அங்கிள், அது வந்து…”

டங்கென்று தேத்தண்ணிக் கோப்பை மேசையில் இறங்கியது.

“கதைச்சது காணும். ஆறப்போகுது, குடி பிள்ளை!” என்றார் பத்மாசினி.

கனகசபாபதி நல்ல செய்தியைச் சொல்லப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அவர் படலையைத் தாண்டியதுதான் தாமதம், பத்மாசினி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அழிச்சு விடு எண்டதை மெய்யெண்டு எடுத்திடாதை பிள்ளை. மூண்டு போகம் மழை வந்து வெங்காயத்தை அழுகவைச்சுப்போட்டுது. இந்த மனுசன் சிரிக்கிறது உதுக்கு முன்னாலை மட்டும்தான்.” மவுஸைப் பழகிய கையால் பிடித்தார். “அவர் வரமுன்னம் கெதியாய்க் காட்டு. உந்த லினக்ஸிலை கிணறு வெட்டுறதுக்கு எங்கை அமத்துறது?”