மான் வராத தோட்டம்

உம்மா உறங்கியதும், அக்குறணையில் வாழ்க்கைப்பட்டிருக்கும், எனக்கு மூத்த ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னடி இந்நேரத்துல? திரும்பவும் மான் வந்து ரம்புட்டான் கண்டுட கொழுந்தத் திண்டுட்டா?"

"இல்ல ராத்தா. உம்மா கட்டின முடிப் பொட்டலத்துக்குப் பயந்து ஒரு மானும் வரல்ல."

ராத்தா சிரித்தாள். "மனுச வாடைக்கு ஓடும் எண்டு நான்தானே சொன்ன! ஆம்புளயள்ட சலூன்ல சும்மா கூட்டித் தள்ளுற முடி."

"இண்டைக்கி ஒரு பொட்டலம் கிழிஞ்சி கெடந்திச்சி. உள்ளுக்கு இருந்த முடி முழ நீளம். மருதோண்டிச் செவப்பு."

"உம்மாடதாடி அது?" ராத்தா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"உம்மா படுக்கக்குள்ளயும் முக்காட்டக் கழட்டுறல்ல. கண்டி ஆஸ்பத்திரிக்குப் போறது முழங்கால் வலிக்காம். எனக்குப் பயமா இரிக்கி, ராத்தா."

"எத்தன கண்டுலடி கட்டி இரிக்கி?"

"எல்லாத்துலயும்."