வியூ ரூம்

"ஜன்னலத் தொறக்க முடியாதா? வியூ ரூம்னு போட்டுத்தானே புக்கிங் எடுத்தீங்க!"

ஜெயந்தினி போட்ட சத்தத்தில், மேனேஜர் செல்லசாமியின் கையிலிருந்த டீத் தட்டே ஆடிப்போனது.

கல்யாணம் முடிந்து புருஷனோடு வந்த முதல் பயணம். கொழும்பிலிருந்து கொட்டகலை வரை ரயிலில் அவளுக்கு வாய் ஓயவேயில்லை. மேல்மாடி ரூம், பெரிய ஜன்னல், தேயிலை மலைக்குப் பின்னால் இறங்குகிற சூரியன்! ஹோட்டல்காரர்கள் நெட்டில் போட்டிருந்த அந்தப் படத்தை அவள் காட்டாத ஆளில்லை. புருஷன் திலக்ஷன் இதற்கென்றே கேமராவுக்குப் புது லென்ஸ் வாங்கியிருந்தான்.

வந்து பார்த்தால் ஜன்னலுக்கு மரக்கதவு. கதவுக்குப் பூட்டு!

"காலையில தொறந்து தர்றேங்க மேடம்."

"சூரியன் காலையிலயா மறையும்? விடிஞ்சா எங்களுக்கு ரயிலு!"

"பின்னேரத்துல மட்டும் தொறக்கிறது இல்லைங்க."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

செல்லசாமி தலையைச் சொறிந்தார். "காத்து... பலமா அடிக்குங்க."

வராந்தாவில் காயப்போட்டிருந்த துணிகூட அசையவில்லை. மனுசனுக்குப் பொய்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை.

திலக்ஷன் போனை எடுத்தான். "சுடுதண்ணி வரல, பொறுத்துக்கிட்டோம். ரொட்டி கல்லு மாதிரி இருந்துச்சு, பொறுத்துக்கிட்டோம். இதுக்கு ஒரு ஸ்டார்தான். இப்பவே எழுதுறேன்."

செல்லசாமியின் முகம் செத்துப்போனது. "ஐயோ, வேணாம் சார். இன்னொருக்கா அப்படி விழுந்தா வேற ஆளப் பாத்துக்குவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. இந்த வேலைய நம்பித்தான் சார் குடும்பமே இருக்கு."

"அப்ப சாவியக் குடுங்க."

செல்லசாமி சட்டைப் பையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுதிக்கங்க சார்." சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

"என்ன திமிரு பாத்தீங்களா!" ஜெயந்தினிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நல்லாக் காரமா எழுதுங்க. நான் பின்பக்கமாப் போயாவது பாத்துட்டு வர்றேன். சூரியன் இறங்கிரும்!"

செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஹோட்டலுக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. வளைவு திரும்பியதும் தண்ணீர்ச் சத்தம், கூடவே சிரிப்புச் சத்தம்.

அந்த ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பீலி. மலையிலிருந்து குழாய் வழியாகக் கொட்டுகிற தண்ணீரில், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த தோட்டத்துப் பெண்கள் பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரது?" ஒருத்தி துண்டை இழுத்துப் போர்த்தினாள். பிறகு சிரித்தாள். "அட, பொம்பளப் புள்ளையா! பயந்தே போனேன். ஹோட்டலுக்கு வந்தீங்களா தங்கச்சி?"

"ஆமாக்கா. நேரா மேல ஜன்னல் இருக்கே, உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

"இல்லாம? எங்க லயத்து வீடுங்களுக்கெல்லாம் இந்த ஒரு பீலிதான். மொதலாளி அந்த மாடிய எழுப்புன நாள்லயிருந்து இருட்டுனப்பெறகுதான் குளிச்சோம். குளிருல பல்லு கிட்டிப்போகும், அட்டைக் கடி வேற. அப்பறம் செல்லசாமி அண்ணன் வந்தாரு, பூட்டப் போட்டாரு. இப்பதான் நிம்மதியா வெளிச்சத்துல குளிக்கிறோம்."

ஜெயந்தினி வந்த வேகத்தில் திரும்பினாள். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியதை அவள் பார்க்கவேயில்லை.

செல்லசாமி கீழே குசினி வாசலில், அடுப்படிப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முந்தி ஒருத்தர்ட்ட சொன்னேம்மா. அடுத்த மாசம் கூட்டாளிங்களையும் கூட்டிக்கிட்டு வந்து, அதே ரூமுதான் வேணும்னாரு."

அவள் படிகளில் தடதடவென்று ஏறினாள்.

"எழுதி முடிச்சிட்டேன், அனுப்பவா?" என்றான் திலக்ஷன்.

"அனுப்பிராதீங்க! குடுங்க இங்க!" போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்தாள்.

"ஏய், என்ன பண்ற? பின்பக்கம் அப்படி என்னதான் இருந்துச்சு?"

ஜெயந்தினி புருஷனைப் பார்த்தாள். புது லென்ஸையும் பார்த்தாள். பதில் சொல்லாமல் ஐந்து ஸ்டாரையும் அமுக்கிவிட்டு மளமளவென்று எழுதினாள்:

"சாப்பாடு அருமை, மேனேஜர் தங்கமான மனிதர். படத்தை நம்பி ஜன்னலை மட்டும் திறக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பக்கம் வெறும் சுவர்தான்."