ஒத்திகை

"இவகூட இனிமே ஒரு நாள்கூட வாழ முடியாதுங்க."

அடுப்படியில் நின்று கணவர் சொன்னார். கை காதுப் பக்கமே போகவில்லை.

"பிரமாதம்! நாளைக்குக் கோர்ட்லயும் இப்படியே சொல்லுங்க" என்றேன்.

எனக்கு இருந்த பயமே அதுதான். வாயில் பொய் வந்தால் அவர் கை தானாகக் காதுமடலைத் தடவும். என் சமையலைப் பாராட்டிப் பாராட்டியே அந்தக் காது சிவந்துபோயிருந்தது.

தனியாக வாழும் பெண்களுக்கு அரசு வீடு ஒதுக்குகிறார்களாம். "பேருக்கு ஒரு விவாகரத்து வாங்குவோம். வீடு கிடைச்சதும் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டாப் போச்சு!" என்று பைக் ஓட்டிக்கொண்டே யோசனை சொன்னது அவர்தான். பின்னால் உட்கார்ந்து தலையாட்டியது நான்.

மறுநாள் குடும்பநல நீதிமன்றத்தில் கடைசி விசாரணை. நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"சேர்ந்து வாழ வழியே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இவகூட இனிமே ஒரு நாள்கூட வாழ முடியாதுங்க."

கை அசையவே இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கும் சம்மதம்" என்றேன். விவாகரத்து கிடைத்தது.

வெளியே வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அசத்திட்டீங்க! நானே நம்பிட்டேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

அவர் சிரிக்கவில்லை. பைக் சாவியை எடுத்தார்.

"நீ ஆட்டோவில முன்னாடி போ. ஆபீஸ்ல சின்ன வேலை இருக்கு. முடிச்சுட்டு நேரா வீட்டுக்கு வந்துடறேன்."

சொல்லும்போதே அவர் கை மெல்ல எழுந்து, காதுமடலைத் தடவியது.