முதலாளி ஓட்டிய விண்கப்பல்

முதலாளி பட்டனிலிருந்து கையை எடுத்து டீ டம்ளரை வாங்கினார். அந்த நேரத்திலும் அவருடைய விண்கப்பல் ஏழு எதிரிகளைச் சுட்டுத் தள்ளியது.

“சார், என்ன திறமை சார் உங்களுக்கு!” சூப்பர்வைசர் கை வலிக்கத் தட்டினார்.

அது ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடம். எங்கேயோ மூடிவிட்ட விளையாட்டுக் கடையிலிருந்து, ஆள் உயர வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பத்து நாளைக்கு முன்னால் வாங்கி வந்து அங்கே நிறுத்தியிருந்தார் முதலாளி. திரையின் அடியில் நம்ம கப்பல். மேலேயிருந்து சாரை சாரையாக எதிரிகள் இறங்குவார்கள், நட்சத்திரமெல்லாம் சரசரவென்று கீழே ஓடும். தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆடுவார், மற்றவர்கள் சோற்றை மறந்துவிட்டு ரசிக்க வேண்டும்.

கை தட்டாத ஆள் கிடையாது. பாதுகாப்பு மூடி இல்லாத கட்டிங் மெஷினில் போன மாதம் இரண்டு விரலைப் பறிகொடுத்த தொழிலாளிகூட, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற கையால் மேசையைத் தட்டினார். பாவம், வேறென்ன செய்வார்?

சூப்பர்வைசர் தட்டுவதற்குக் காரணம் வேறு. மேனேஜர் நாற்காலி இரண்டு வாரமாகக் காலி. பழைய மேனேஜர் ஏன் திடீரென்று நின்றுவிட்டார் என்று கேட்டால், “அவருக்குப் பார்வை சரியில்லை” என்று முதலாளி சொன்னதோடு சரி.

பதினோரு வருடமாக இவர் சூப்பர்வைசர். குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் மச்சினன் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பான், “என்ன மாமா, இன்னும் அதே சூப்பர்வைசர்தானா?” அந்த வாயை அடைக்கவாவது அந்த நாற்காலி வேண்டும். அதற்காகக் கை என்ன, காலைக்கூடத் தட்டுவார்.

திரையில் பெரிய எதிரிக் கப்பல் வந்தது. நம்ம கப்பல் வலது பக்கம் ஒதுங்கி, டமாலென்று வெடித்தது. நேற்றும் அதே இடத்தில்தான் வெடித்தது, முந்தாநாளும் அங்கேதான்.

“ச்சே, நூலிழையில போச்சு சார்! நாளைக்குப் பாருங்க, அவன் காலி!”

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினார். நாற்காலிக்கு இருக்கும் ஒரே போட்டி அவர்தான்.

“தப்பா நினைக்காதீங்க சார். நீங்க காசே போடலையே. காசு போடலைன்னா இந்தப் பெட்டி தானாவே ஆடிக் காட்டும். நீங்க தொட்டாலும் தொடாட்டியும் அதே ஆட்டம்தான்.”

எல்லோரும் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்கள்.

சூப்பர்வைசருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. விஷயம் அவருக்கும் முதல் நாளே தெரியும். ‘காசு போடவும்’ என்ற எழுத்து திரையில் பளிச் பளிச்சென்று மின்னுவது கண்ணில் படாமலா இருக்கும்? தெரிந்ததையெல்லாம் வெளியே சொன்னால் மேனேஜர் ஆக முடியுமா என்ன?

“என்னக்கா இப்படிப் பேசுறீங்க? சார் கை வலது பக்கம் போச்சு, கப்பலும் வலது பக்கம் போச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். யார் கேட்டாலும் சொல்லுவேன். வேணும்னா எழுதியே தர்றேன்!”

அக்கா டப்பாவைக் கழுவப் போனார். முதலாளி சூப்பர்வைசரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரூமுக்கு வாங்க.”

ரூமில் மேசைமேல் நியமனக் கடிதம் தயாராக இருந்தது. பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. முதலாளி பேனாவைத் திறந்து சூப்பர்வைசரின் பெயரை எழுதினார்.

“உட்காருங்க, மேனேஜர்.”

புது மேனேஜர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மச்சினனின் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தார், கண்ணே கலங்கிவிட்டது.

“அந்த கேம் தானா ஆடுதுன்னு எனக்கும் தெரியும்” என்றார் முதலாளி.

புது மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “சார்... அது வந்து...”

“பயப்படாதீங்க. பத்து நாளா இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். நடக்காததை நடந்துச்சுன்னு சொல்லணும். சிரிக்காம சொல்லணும். பக்கத்துல ஒருத்தர் இல்லைன்னு அடிச்சுச் சொன்னாலும் அசராம சொல்லணும். இந்தக் காலத்துல அப்படி ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?”

திட்டு விழும் என்று பார்த்தால் பாராட்டு! புது மேனேஜர் பூரித்துப்போனார்.

முதலாளி டிராயரிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினார். அடியில் ‘நேரில் பார்த்தவர் கையெழுத்து’ என்று போட்டிருந்தது.

“விபத்தை விசாரிக்க லேபர் ஆபீசர் வந்திருக்கார். பொய் சொன்னா ஜெயில்னு பயந்து, பழைய மேனேஜர் கடைசிவரைக்கும் ‘நான் பார்க்கலை’ன்னே சாதிச்சுட்டார்.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆபீசர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கட்டுப்போட்ட கையோடு அந்தத் தொழிலாளி.

முதலாளி பேனாவைப் புது மேனேஜரின் விரல்களுக்கு நடுவே வைத்தார்.

“கட்டிங் மெஷின்ல மூடி இருந்துச்சு. உங்க ரெண்டு கண்ணால பார்த்தீங்க.”